வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்க: டெல்டா குடும்பங்களுக்கு ஓர் எளிய கணக்கு

கையில் ஐம்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. வங்கியில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் நாற்றங்கால் விட வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். இந்த ஐம்பதாயிரத்தைக் கடனில் கட்டுவதா, கையிலேயே வைத்துக்கொள்வதா? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டத்துக்குப் போனாலும், கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

"முடிந்தால் சீக்கிரம் கட்டிவிடுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரை, மாதச் சம்பளம் மட்டுமே வாங்குகிறவருக்கு ஓரளவு பொருந்தும். பாதி வருமானம் சம்பளமாகவும் பாதி வருமானம் நெல்லாகவும் வருகிற வீட்டுக்கு அது போதாது, சில சமயம் ஆபத்தும்கூட. வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டுவது நல்லதுதான். ஆனால் எந்தப் பணத்தை, எந்தக் கடனுக்கு, எப்போது கட்டுகிறோம் என்ற வரிசை சரியாக இருந்தால்தான் அந்த நன்மை கிடைக்கும். கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு

முதலில் அடிப்படை. பாபநாசம் பக்கத்தில் ஒரு குடும்பம் 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை, அதாவது எல்லோரும் இ.எம்.ஐ. என்று சொல்வது, 17,356 ரூபாய் வரும்.

வங்கி ஒவ்வொரு மாதமும் நிலுவையில் இருக்கும் அசலுக்குத்தான் வட்டி போடுகிறது. முதல் மாதம் 20 லட்சமும் நிலுவையில் இருக்கிறது. ஒரு மாத வட்டி 14,167 ரூபாய். கட்டிய 17,356-இல் இதைக் கழித்தால் அசலில் குறைவது வெறும் 3,189 ரூபாய். அடுத்த மாதம் அசல் அந்த அளவு குறைந்திருப்பதால் வட்டியும் சிறிது குறையும், அசலுக்குப் போவது சிறிது கூடும். மாதம் இருபது, முப்பது ரூபாய் வித்தியாசம்தான். அதனால் தொடக்க ஆண்டுகளில் கடன் அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும்.

ஐந்து ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால், மொத்தம் 10 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். நிலுவை எவ்வளவு என்று கேட்டால் வங்கியில் 17 லட்சத்து 62 ஆயிரம் என்பார்கள். பலரும் அதிர்ந்துபோவது இங்கேதான். வங்கி ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகம்கூட வரும். யாரும் ஏமாற்றவில்லை. கட்டியதில் எட்டு லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. 20 ஆண்டுகளும் இப்படியே கட்டி முடித்தால் மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். அதாவது வாங்கிய 20 லட்சத்துக்கு வட்டியாக மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம்.

இது தெரிந்துவிட்டால் முன்கூட்டிக் கட்டுவதன் பலனும் தானாகவே விளங்கும். மாதத் தவணைக்கு மேல் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் கழிகிறது. அந்த ரூபாய்க்கு மீதமுள்ள காலம் முழுவதும் வட்டி கிடையாது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் கட்டுகிறோமோ அவ்வளவு லாபம்.

இதே கடனில் முதல் ஆண்டு முடிவில் ஒரே ஒரு முறை ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 26 மாதத் தவணைகள் குறையும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது ஆண்டு முடிவில் கட்டினால் எட்டு தவணைகள்தான் குறையும், மிச்சம் ஐம்பதாயிரத்துக்கும் கீழ். "பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், பிறகு மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். கடைசி ஐந்து ஆண்டுகளுக்குள் வந்துவிட்ட கடனை அவசரப்பட்டு முடிப்பதால் கிடைக்கும் பலன் குறைவு. அந்தக் கட்டத்தில் மகளின் கல்யாணத்துக்கோ சாகுபடிக்கோ பணத்தை வைத்துக்கொள்வது தவறே இல்லை.

பெரிய தொகை இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். மாதம் ஆயிரம் ரூபாய் மட்டும் தவணையோடு சேர்த்துக் கட்டிவந்தால், 20 ஆண்டுக் கடன் பதினேழரை ஆண்டுகளில் முடிந்துவிடும். மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வட்டி மிச்சம். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் அளவு. சிறு தொகைக்கும் இந்தக் கணக்கில் இத்தனை வலிமை இருக்கிறது.

தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்

கூடுதலாகக் கட்டியதும் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். மாதத் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைக்கலாம். அல்லது காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு தவணையைக் குறைக்கலாம். மேலே சொன்ன மூன்றரை லட்சம் மிச்சம் முதல் வழியில் கிடைப்பது. இரண்டாவது வழியில் போனால் மாதத் தவணை 885 ரூபாய் குறையும், ஆனால் கடைசியில் மிச்சமாவது ஒரு லட்சம் அளவுக்குத்தான். ஒரே பணம், ஒரே நாள், ஒரே வங்கி. இருந்தும் பலன் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

வீட்டில் ஒருவருக்கு வேலை போய்விட்டது, தவணையே கட்ட முடியவில்லை என்ற நிலையில் மட்டும் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். மற்றபடி காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடன் கணக்கில் போட்ட கூடுதல் பணம் சில சமயம் அசலில் கழியாமல், வருகிற தவணைகளுக்கான முன்பணமாக நின்றுவிடும். அப்படி நின்றால் வட்டிக் கணக்கில் எதிர்பார்த்த பலன் வராது. "இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, கடன் காலத்தைக் குறைக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கடைசித் தவணையின் தேதி முன்னால் நகர்ந்திருக்க வேண்டும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனுக்கு அப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியிருந்தால் மட்டும் கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

எந்தக் கடன் முதலில்

டெல்டாவில் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு கடன் இருப்பது அபூர்வம். வீட்டுக் கடன் ஒன்று, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் ஒன்று, நகைக் கடன் ஒன்று, போன வருஷம் நடவுக் கூலிக்காகத் தெரிந்தவரிடம் வாங்கிய கைக்கடன் ஒன்று என்று நாலைந்து நிற்கும். இதில் எதை முதலில் அடைப்பது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். வீட்டுக் கடன் பெரிதாகத் தெரிவதால் கையில் வந்ததை அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடுகிறார்கள். தொகையின் அளவைப் பார்க்காமல் வட்டியின் அளவைப் பார்க்க வேண்டும்.

கைக்கடனில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். கேட்கும்போது சிறிதாக இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் அது 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி 8.5. கைக்கடன் நிற்கும்போது வீட்டுக் கடனில் கூடுதலாக ஒரு ரூபாய் கட்டினாலும் அது நஷ்டக் கணக்கு. நாள் வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குக் காத்திராமல் நாமே முதலில் வெளியேற வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது நகைக் கடன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வட்டி மிகவும் மாறும். தனியார் கடையில் வைத்த நகைக்கு வீட்டுக் கடனைவிட அதிக வட்டி ஓடினால், அதை மீட்ட பிறகே வீட்டுக் கடன் பக்கம் திரும்புங்கள்.

பயிர்க் கடனில் கணக்கு நேர்மாறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை உரிய தேதிக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் உழவர் கடன் அட்டை மூலம் வாங்கினாலும், மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம், காலத்தில் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். எனவே பயிர்க் கடனை முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் கெடு தேதியை ஒரு நாள் தவறவிட்டாலும் சலுகை போய்விடும். கெடு எந்தத் தேதி என்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அந்தத் தேதிக்கு முன்பு கட்டிவிட்டு, அடுத்த பருவத்துக்குப் புதுப்பித்துக்கொள்வதே சரி. மலிவான கடன் கிடைக்கிற இடத்தைக் கைவிடக் கூடாது.

மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், வீட்டுக் கடனுக்காக அதை நிறுத்தாதீர்கள். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது, அதற்கு வருமான வரியும் இல்லை. வீட்டுக் கடன் வட்டிக்கு ஏறக்குறையச் சமமாக வரவு தருகிற ஒரு கணக்கை முடக்கிக் கடனைக் கட்டுவதில் பொருள் இல்லை. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் பணம் வேறு. அதை எழுப்பிக் கடனில் கட்டலாம், அடுத்துச் சொல்லப்போகும் ஒரு நிபந்தனையோடு.

கடனில் கட்டிய பணம் திரும்பி வராது

வீட்டுக் கடனில் ஒருமுறை கட்டிய கூடுதல் பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்க முடியாது. வட்டி மிச்சமாகும், கடன் குறையும், ஆனால் கையில் பணம் இருக்காது. இந்த ஒன்றை மறந்ததால்தான் நல்ல எண்ணத்தோடு கடனை அடைக்கப்போனவர்கள் மூன்று மாதத்தில் ரெண்டு வட்டிக்குப் போய் நிற்கிறார்கள். 8.5 சதவீதத்தை மிச்சப்படுத்தப்போய் 24 சதவீதத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

காவிரிப் படுகையில் இந்த ஆபத்து மற்ற இடங்களைவிட அதிகம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். தண்ணீரை நம்பிக் குறுவைக்கு இறங்குவதா, பம்புசெட் வைத்திருப்பவர்போல முன்கூட்டியே இறங்குவதா, விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போவதா என்ற முடிவு வீட்டு வருமானத்தையே மாற்றிவிடும். சம்பா பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகின்றன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. புதிதாக வைத்த கன்று காய்க்க ஆண்டுகள் பிடிக்கும். வங்கித் தவணை அடுத்த மாதமே வந்துவிடும்.

எனவே கூடுதலாகக் கட்டுவதற்கு முன் இரண்டு தொகைகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று, தவணையும் சேர்த்து ஆறு மாத வீட்டுச் செலவு. சம்பளம் மட்டுமே வருகிற வீட்டுக்கு மூன்று, நான்கு மாதச் செலவு போதலாம், நிலத்தை நம்பியவர்களுக்குப் போதாது. இன்னொன்று, அடுத்த பருவத்தின் சாகுபடிச் செலவில் பயிர்க் கடன் போகக் கைப்பணமாகத் தேவைப்படும் தொகை. உழவு, விதை, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் இதில் அடங்கும். இந்த இரண்டையும் வேறொரு வங்கிக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ போட்டுவிடுங்கள். அங்கே கிடைக்கும் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிடக் குறைவுதான். அந்த வித்தியாசத்தை நஷ்டமாக எண்ண வேண்டாம், தைரியமாகத் தூங்குவதற்குக் கொடுக்கிற விலை அது.

சில வங்கிகளில் ஓவர் டிராப்ட் வகை வீட்டுக் கடன் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டுவைத்தால் அதுவரை வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளவும் முடியும். வட்டி விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அறுவடைக்கு அறுவடை பணம் வந்து போகிற வீட்டுக்கு இது மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. புதிதாகக் கடன் வாங்கப்போகிறவர்கள் வங்கியில் கட்டாயம் விசாரியுங்கள்.

உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு

பாபநாசம் குடும்பத்துக்கே திரும்புவோம். கணவர் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார், மனைவி தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். இருவரும் சேர்ந்து மாதம் 46,000 ரூபாய். ஊரில் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். தவணை 17,356. மளிகை, பால், காய்கறி, சிலிண்டர், மருந்து, பெட்ரோல், செல்போன் எல்லாம் சேர்த்து 20,000. கழித்துப் பார்த்தால் மாதம் 8,644 மிஞ்ச வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்கிறார்கள். ஏன்?

மாதாமாதம் வராத செலவுகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் 24,000. தீபாவளிக்கு 15,000. பொங்கலுக்கு 6,000. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 12,000. வீட்டு வரியும் வண்டிக் காப்பீடும் 7,000. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வரிசையாக வரும் கல்யாணங்களுக்கு மொய், சீர், போக்குவரத்து 20,000. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. ஆக இந்த வீட்டின் உண்மையான உபரி 1,644 ரூபாய்தான்.

இந்த ஏழாயிரத்தைச் சம்பளம் வந்த மறுநாளே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அப்படிச் செய்தால் தீபாவளி வரும்போது நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அதன் பிறகு மிஞ்சுவதில் ஆயிரம் ரூபாயைத் தவணையோடு கூடுதலாகக் கட்டலாம்.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் குறைத்து மிச்சப்படுத்தும் இருநூறு ரூபாய் கடனில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவராது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. உதாரணத்துக்கு மின்கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். 510 வருகிற வீடு அதை 490-ஆகக் குறைத்தால் கிடைக்கும் மிச்சம் அந்த இருபது யூனிட்டின் விலையைவிடப் பெரிது. கோடையில் ஏ.சி. ஓடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நடைமுறையில் பார்த்தால் குடும்பப் பட்ஜெட்டை உடைப்பது மளிகை அல்ல, தவணையில் வாங்கிய இருசக்கர வாகனமும் செல்போனும்தான். அந்தச் சிறு தவணைகள் முடிந்ததும், அதே தொகையை நிறுத்தாமல் வீட்டுக் கடனுக்குத் திருப்பிவிடுவது மிக எளிதான வழி. அந்தத் தொகை இல்லாமல் வாழ வீடு ஏற்கெனவே பழகியிருக்கும்.

இனி நெல் பணம். குறுவை புரட்டாசி, ஐப்பசியில் வீடு வரும், சம்பா தை, மாசியில் வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது. வந்த அன்றே வரிசையாகப் பிரியுங்கள்: கைக்கடன் இருந்தால் அது, கெடு தேதி நெருங்கும் பயிர்க் கடன், அடுத்த பருவச் செலவு, ஆறு மாதக் கையிருப்பில் குறைந்திருப்பது. எல்லாம் போக நிற்பதுதான் வீட்டுக் கடனுக்கு.

இரண்டு பருவமும் நன்றாக இருந்து பருவத்துக்கு 25,000 ரூபாய் கட்ட முடிந்தால், 20 ஆண்டுக் கடன் 13 ஆண்டுக்குள் முடிந்துவிடும், வட்டியில் எட்டரை லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். குறுவை பொய்த்து, ஆண்டுக்கு ஒருமுறை சம்பாவில் மட்டும் 25,000 கட்டினாலும் பதினைந்தரை ஆண்டுகளில் முடியும், ஐந்தரை லட்சம் மிச்சம். இரண்டும் பொய்த்த ஆண்டில் ஒன்றும் கட்ட வேண்டாம். வழக்கமான தவணை தவறாமல் போனால் அந்த ஆண்டுக்கு அதுவே போதும்.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும்

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. பெரும்பாலானோருக்குத் தவணை மாறவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்தார்கள். உண்மையில் வங்கிகள் காலத்தை நீட்டியிருந்தன. 7 சதவீத வட்டியில் 20 லட்சம் அப்போதுதான் வாங்கியிருந்தவருக்குத் தவணை 15,506 ரூபாய். வட்டி 9.5 ஆனபோது ஒரு மாத வட்டி மட்டுமே 15,833 ரூபாய். தவணை முழுவதும் வட்டிக்கே போதாத நிலை!

இதையொட்டி 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாற்றும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுமையாகவோ முன்கூட்டிக் கட்டவும் அனுமதிக்க வேண்டும். ஆகவே உங்கள் கடனின் கடைசித் தவணை எந்த மாதம் என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். ஓய்வு பெறும் வயதைத் தாண்டிப் போயிருந்தால் இப்போதே பேசித் திருத்த வேண்டும்.

2025-இல் ரெப்போ படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. வட்டி இறங்கித் தவணை குறைந்தால் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். வீட்டுச் செலவில் ஒரு ரூபாயும் கூடாமல் கடன் காலம் சுருங்கும். 2019-க்கு முன் வாங்கிய பழைய கடன் என்றால், வட்டிக் குறைப்பு உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்து, ரெப்போ இணைந்த முறைக்கு மாற்றக் கேளுங்கள்.

வருமான வரிச் சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு பழைய வரி முறையில்தான் இருக்கிறது, புதிய முறையில் இல்லை. வரியே கட்டாத வருமானக்காரருக்கு இந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்த மகிழ்ச்சியில் பலர் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். கடன் பாக்கி இல்லை என்ற சான்றும் பெற வேண்டும்.

பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றிதழில் வீடு வங்கியின் அடமானத்தில் இருப்பதாகவே காட்டும். வங்கி அதிகாரி கையெழுத்திட வேண்டியிருப்பதால், பத்திரம் வாங்கப் போகும் நாளிலேயே இதற்கும் தேதி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பதிவு முடிந்து சில நாட்கள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்றிதழ் ஒன்று எடுத்து, அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.